வினிகர் ஊற்றும் முன்

டெப்ரெசென் நகரில் மார்ச் மாதத்து மழை.
கடைசி டிராம் போய்விட்டது,
பொரோகா போகவில்லை.
மேசைமேல் பதினோரு கண்ணாடிக் குழாய்கள்.
ஒவ்வொன்றிலும் ஆறிப்போன தேநீர் நிறத்தில்
குதிரைமுள்ளங்கி வேரின் நொதி.

வேர் உய்லேதா கிராமத்து மணலில் விளைந்தது.
விற்றவன் எடை போடும்போது கேட்டான்:
"ஈஸ்டர் பன்றித்தொடைக்கா, ஆராய்ச்சிக்கா?"
இரண்டுக்கும் என்றாள்.
சிரித்தபடி ஒரு கிழங்கு கூடப் போட்டான்.

முந்நூற்றெட்டு மணி கோத்த ஒற்றைச் சரம்.
தன்னைத்தானே சுருட்டி
மடித்தது யாரென்று கேட்க வழியில்லாமல்
மடிப்புக் கலையாமல் நிற்கிறது.
உள்ளே நான்கு கந்தக முடிச்சுகள்.
கொசுவத்தில் குத்திய ஊசிபோல்
இரண்டு கால்சியம்.
நடுப்பள்ளத்தில் ஹீம்,
அதன் மையத்தில் இரும்பு.

டிரிப்டோபான் மட்டும் ஒன்றே ஒன்று.
ஒளிரத் தெரிந்த மணி.
ஆனால் இரும்பு அருகில் இருக்கும்வரை
வாங்கிய வெளிச்சத்தையெல்லாம்
அந்தப் பக்கமே தள்ளிவிட்டு
வாயைத் திறக்காது.

முதல் குழாயில் குவானிடின் இல்லை.
அடுத்ததில் ஒரு துளி, அதற்கடுத்ததில் கூடுதலாக.
ஐந்தாவது வரை அசையவில்லை. பிடிவாதம்.
ஆறில் எங்கோ ஓர் ஓரம் நெகிழ்ந்திருக்க வேண்டும்.
எட்டில் ஹீம் நழுவியது.
பழுப்பு வெளிற,
திரையில் கோடு விடுவிடுவென்று ஏறியது:
கண்ணுக்குப் படாத ஒளி,
கருவிக்கு மட்டும் தெரிகிற ஒளி.

'குலைந்த பிறகுதான் ஒளிர்கிறது'
என்று குறிப்பேட்டில் எழுதினாள்.
படித்துப் பார்த்து, அடித்தாள்.
எண்ணை மட்டும் விட்டுவைத்தாள்.

வீட்டில் தங்கை செங்கெ.
ரோட்டர்டாமிலிருந்து வந்து ஒன்பது நாள்.
எட்டு வருடம், ஒரே பெட்டி,
அதையும் இன்னும் திறக்கவில்லை.
நீளக் கைச்சட்டையைச் சமையலறைச் சூட்டிலும் மடித்துவிடுவதில்லை.
ஒப்பிடாதே, என்று பொரோகா தன்னையே அதட்டினாள்.
புரதத்துக்கு அக்கா கிடையாது.

மறுநாள் நீர் சேர்த்தாள்,
ஒரே ஊற்றாக அல்ல, சொட்டுச் சொட்டாக.
குவானிடின் நீர்த்துப்போனால்
சரம் பழைய வழியைத் தடவித் தேடும்.
கால்சியம் வேண்டும், ஹீம் வேண்டும்.
நெரிசலில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால்
திரிந்த பால்தான், அடியில் படியும்.

பிறகு பெராக்சைடும் சாயமும்.
மீண்டது எதுவோ அது நீலமாக்கும்.
ஆறு குழாயில் நாலு நீலம்.
ஒன்று வெள்ளையாகக் கலங்கியது.
ஒன்று தெளிந்த தண்ணீர், பதிலே இல்லை.
கையுறையைக் கழற்றும்போதுதான் உறைத்தது:
அதில் கால்சியம் போட மறந்திருந்தாள்.
'தவறு என்னுடையது, நொதியுடையது அல்ல.'
சிவப்பு மை. கீழே தேதி.

ஈஸ்டர் சனிக்கிழமை.
சன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு
மீதி வேரைச் செங்கெ துருவினாள்.
முழு வேருக்கு வாசனையே கிடையாது.
துருவியின் பல் பட்டுச் சுவர் கிழிந்ததும்
தனித்தனி அறையில் கிடந்த இரண்டும் சந்திக்கின்றன
(இது வேறு நொதி,
பொரோகாவின் குழாய்க்குள் வராதது),
மூக்கில் ஏறி உச்சியில் அடிக்கிறது.
செங்கெயின் கண் கொட்டியது.
துருவினால் யாருக்கும் கொட்டும்.
துருவியைக் கழுவி வைத்த பிறகும்
கொட்டிக்கொண்டிருந்தது.

பொரோகா வினிகர் புட்டியைத் திறந்தாள்.
புளிப்புப் பட்டதும் நொதி அடங்கிவிடும்,
காரம் நின்ற இடத்தில் நிற்கும்.
எப்போது ஊற்றுகிறோம் என்பதுதான் கணக்கு.

"பொறு" என்றாள் செங்கெ,
கைச்சட்டையை முழங்கைக்கு மேல் தள்ளி
புறங்கையால் முகம் துடைத்து.
"இன்னும் கொஞ்சம் ஏறட்டும்."